முதல் டேண்டம் குதிப்பு: இருவர் ஒன்றாக விழும்போது என்ன நடக்கிறது?

விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்க விரும்பிய ஒருவர் முன்பெல்லாம் பல மணி நேரம் தரையில் பயிற்சி பெற வேண்டியிருந்தது. அப்படிப் பயின்ற பிறகும் முதல் குதிப்பு ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்துதான். அவர் வெளியேறிய உடனேயே விமானத்தோடு பிணைத்த பட்டை ஒன்று பாராசூட்டை இழுத்துத் திறந்துவிடும். விழுகிறோம் என்று உணர்வதற்குள் தலைக்கு மேல் குடை விரிந்திருக்கும். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பில் பூத், டெட் ஸ்ட்ராங் என்ற இரு பாராசூட் வடிவமைப்பாளர்கள் உருவாக்கிய டேண்டம் முறை இந்த நிலையை மாற்றியது. அனுபவமுள்ள பயிற்றுநரின் உடலோடு புதியவரைப் பிணைத்துவிட்டு, இருவரும் ஒரே பாராசூட்டில் இறங்குவது என்ற ஏற்பாடு அது. காலையில் அரை மணி நேர விளக்கம் கேட்ட ஒருவர் மதியத்துக்குள் 13,000 அடியிலிருந்து குதித்துவிடலாம்.

அரை மணி நேரம் போதும் என்பதாலேயே பலர் தங்களை ஒரு மூட்டையாக நினைத்துக்கொள்கிறார்கள். யாரோ கட்டுவார்கள், யாரோ தூக்கிச் செல்வார்கள், யாரோ இறக்கிவிடுவார்கள் என்று இருந்துவிடுகிறார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். காற்றைப் பொறுத்தவரை பயிற்றுநரும் பயணியும் சேர்ந்து ஒரே உடல். அந்த உடலின் பாதி நீங்கள். உங்கள் கால் எங்கே இருக்கிறது, இடுப்பு எப்படி வளைந்திருக்கிறது என்பதெல்லாம் அந்த உடல் விழும் விதத்தை மாற்றும். பயணிக்கு வேலை குறைவுதான். ஆனால் அந்தக் குறைந்த வேலையை அவருக்காக வேறு யாரும் செய்ய முடியாது.

பயணியின் முதுகில் பாராசூட் எதுவும் இருக்காது. அவர் அணிவது தோள், மார்பு, தொடைகளைச் சுற்றிவரும் பட்டைகளால் ஆன ஹார்னஸ் மட்டுமே. முதன்மைப் பாராசூட், அவசரப் பாராசூட் இரண்டும் பயிற்றுநரின் முதுகுப் பையில் இருக்கும். பயணியின் முதுகு பயிற்றுநரின் மார்போடு ஒட்டும்படி தோள்களில் இரண்டு, இடுப்பின் இருபுறமும் இரண்டு என நான்கு கொக்கிகள் மாட்டப்படும். தரையில் ஹார்னஸை அணிவித்துவிடுவார்கள். கொக்கிகளை மாட்டி இறுக்குவது விமானம் குதிக்கும் உயரத்தை நெருங்கும்போது நடக்கும். அப்போது மூச்சு சற்றுச் சிரமமாகும் அளவுக்கு இறுக்குவார்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும். தளர்வாக இருந்தால் வசதியாக இருக்கும் என்று நெளியாதீர்கள். பயிற்றுநர் ஒவ்வொரு கொக்கியையும் தொட்டுச் சரிபார்ப்பதை நீங்களே உணர முடியும். ஒன்று விட்டுப்போனதாகத் தோன்றினால் தயங்காமல் கேளுங்கள். நல்ல பயிற்றுநர் எவரும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

ஏன் ஒரு சிறிய பாராசூட் முதலில் வருகிறது?

டேண்டம் குதிப்பின் சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

விழும் உடலைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகிவிடும். அதன் பிறகு வேகம் கூடாது. இயற்பியல் பாடத்தில் முற்றுத் திசைவேகம் என்று படித்தது இதைத்தான். வயிறு தரையைப் பார்த்தபடி கைகால்களை விரித்து விழும் ஒருவருக்கு அது மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர். விமானத்தைவிட்டு வெளியேறிய பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் இந்த வேகத்தை எட்டிவிடுவோம்.

இப்போது இருவரை ஒருவர் மேல் ஒருவராகப் பிணைத்துப் பாருங்கள். எடை இரட்டிப்பாகிறது. ஆனால் காற்றை எதிர்கொள்ளும் பரப்பு பெரிதாக மாறவில்லை. ஒருவர் மற்றவருக்குப் பின்னால் மறைந்துவிடுகிறார். முற்றுத் திசைவேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடும் என்பதால், இரட்டை எடைக்கு வேகம் சுமார் 1.4 மடங்காகும். அதாவது மணிக்கு 270 கிலோமீட்டருக்கு அருகில். அந்த வேகத்தில் ஒரு பெரிய பாராசூட் திறந்தால் துணிக்கும் தாங்காது, உள்ளே இருக்கும் முதுகெலும்புக்கும் தாங்காது.

இதற்கு விடையாக வந்ததுதான் ட்ரோக் எனப்படும் சிறிய பாராசூட். வெளியேறிச் சில விநாடிகளில், உடல் நிலைப்பட்டதும், பயிற்றுநர் அதைக் கையால் எடுத்துக் காற்றில் வீசுவார். நீண்ட பட்டையின் நுனியில் விரிந்து நின்று அது இருவரையும் பின்னிழுக்கும். வேகம் தனியாக விழும் ஒருவரின் வேகத்துக்கு, அதாவது மணிக்கு 190 முதல் 200 கிலோமீட்டருக்கு, இறங்கிவிடும். கூடவே குதிக்கும் ஒளிப்பதிவாளர் உங்களுக்கு எதிரே மிதந்தபடி படமெடுக்க முடிவதும் இதனால்தான். இல்லையென்றால் நீங்கள் அவரைத் தாண்டிக் கீழே போய்விடுவீர்கள். மேலிருந்து இழுக்கும் ட்ரோக் இருவர் உடலையும் புரளாமல் நிலையாக வைத்திருக்கவும் உதவுகிறது. முதன்மைப் பாராசூட்டைப் பையிலிருந்து உருவி வெளியே எடுப்பதும் அதே ட்ரோக்தான்.

ஒரு துண்டுத் துணிக்கு மூன்று வேலைகள். பாராசூட் வடிவமைப்பில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இது. டேண்டம் முறை இவ்வளவு பரவியதற்கும் இவ்வளவு பாதுகாப்பாக ஆனதற்கும் பெரும் பங்கு இந்தத் துணிக்கு உண்டு.

கதவருகே

எல்லோரும் பயப்படும் இடம் விமானத்தின் கதவு. பயம் இயல்பு, அதைப் பற்றி நான் உபதேசம் செய்யப்போவதில்லை. ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் பயத்தின் அளவு மாறும்.

முதலாவது, வயிற்றைப் பிரட்டும் அந்த உணர்வு. ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது அடிவயிறு கவ்வுமே, அதுவே நூறு மடங்காக இருக்கும் என்றுதான் பலரும் எதிர்பார்க்கிறார்கள். அப்படி இருப்பதில்லை. குதிக்கும் தருணத்தில் விமானம் மணிக்கு 150 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது; அதிலிருக்கும் நீங்களும்தான். வெளியே வந்த அந்தக் கணமே பலமான காற்று உங்களைத் தாங்கத் தொடங்கிவிடுகிறது. வேகத்தின் திசை முன்னோக்கியதிலிருந்து கீழ்நோக்கியதாக மெல்லத் திரும்புகிறது. ஆகவே எடையே இல்லாத அந்த வெறுமை முழுமையாக வருவதில்லை. விழுகிறோம் என்பதைவிட, அடர்ந்த காற்றின் மேல் படுத்திருக்கிறோம் என்றே உடல் உணரும்.

இரண்டாவது, உயரத்தைக் கண்டு வரும் தலைசுற்றல். மாடியின் விளிம்பில் நிற்கும்போது கண்ணுக்கு அளவுகோல்கள் கிடைக்கின்றன: சுவர், கீழே நிற்கும் மனிதர்கள், வாகனங்கள். நான்கு கிலோமீட்டர் உயரத்தில் அப்படி எதுவும் இல்லை. நிலம் ஒரு வரைபடம்போல் தெரியும். விழும்போதும் அது நெருங்கி வருவதாகக் கண்ணுக்குப் புலப்படாது. மாடிப்படியில் நடுங்குபவர்கள்கூட வானில் அமைதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் இப்படி என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் உயர பயம் இருப்பதாலேயே இது நமக்கு ஆகாது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

கதவருகே உங்கள் வேலை உடலை வில்லாக வளைப்பது. இடுப்பை முன்னே தள்ளுங்கள். தலையைப் பின்னால் சாய்த்துப் பயிற்றுநரின் தோளில் வையுங்கள். முழங்கால்களை மடக்கிப் பாதங்களைப் பின்னால், அவருடைய கால்களுக்கு நடுவில் கொண்டுபோங்கள். கைகள் மார்புப் பட்டையைப் பிடித்திருக்கட்டும். இடுப்பு தாழ்ந்து கைகால்கள் மேலே இருக்கும் உடல், காற்றில் தானாகவே வயிறு தரையைப் பார்க்கும்படி திரும்பிக்கொள்ளும். பயத்தில் முழங்காலை மார்போடு ஒடுக்கிக்கொண்டால் இதற்கு நேர்மாறாகி, இருவரும் புரளத் தொடங்குவீர்கள். அதைச் சரிசெய்யப் பயிற்றுநருக்குத் தெரியும். ஆனால் அந்த வேலையை ஏன் அவருக்குக் கொடுக்க வேண்டும்? கதவின் ஓரத்தையோ கம்பியையோ பயிற்றுநரின் கையையோ பிடித்துக்கொள்ளவே கூடாது. இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

வெளியேறிய பிறகு அவர் தோளில் தட்டுவார். அப்போது கைகளை விரித்துக்கொள்ளலாம். மூச்சுவிட முடியுமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. தாராளமாக முடியும். திகைப்பில் மூச்சை அடக்கிக்கொள்பவர்களுக்குத்தான் சிரமம். அவர்களுக்கு எளிய வழி, உரக்கக் கத்துவது. கத்தினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறி அடுத்த மூச்சு தானாக வரும். காற்றின் இரைச்சலில் அது யாருக்கும் கேட்காது.

மேலே குளிரும். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும்; 4 கிலோமீட்டரில் தரையைவிட 26 டிகிரி குறைவு. தரையில் வெயில் கொளுத்துகிறதே என்று அரைக்கைச் சட்டையோடு ஏறுபவர்களுக்கு இது ஓர் அதிர்ச்சி.

பாராசூட் திறந்த பிறகு

13,000 அடியிலிருந்து குதித்தால் 45 முதல் 60 விநாடிகள்வரை விழுவோம். ஏறத்தாழ 5,000 முதல் 5,500 அடி உயரத்தில் பயிற்றுநர் ட்ரோக்கை விடுவிக்கும் கைப்பிடியை இழுப்பார். முதன்மைப் பாராசூட் வெளிவரும். ஒரே நொடியில் விரிந்துவிடாதபடி அதன் கயிறுகளைச் சுற்றி ஸ்லைடர் என்ற செவ்வகத் துணி இருக்கிறது. விரியும் துணி அதைக் கீழே தள்ளிக்கொண்டே வர வேண்டியிருப்பதால் திறப்பது மூன்று நான்கு விநாடிகளுக்குப் பரவுகிறது. கால்கள் கீழே தொங்கி, தொடைப் பட்டைகள் எடையை ஏற்கும். அந்தக் கணத்தில் யாரோ மேலே தூக்கியதுபோல் இருக்கும். ஒளிப்பதிவில் பார்த்தாலும் அப்படியே தெரியும். உண்மையில் நீங்கள் ஓர் அங்குலம்கூட மேலே போகவில்லை. உங்கள் வேகம் குறைந்தது, ஒளிப்பதிவாளர் அதே வேகத்தில் விழுந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

திடீரென்று இரைச்சல் அடங்கிவிடும். பேசினால் கேட்கும். இந்த ஐந்தாறு நிமிடங்களைத்தான் நான் குதிப்பின் சிறந்த பகுதி என்பேன். வேகமாக விழுவதைப் பற்றியே எல்லோரும் பேசுவதால் இதற்குரிய பெருமை கிடைப்பதில்லை. தலைக்கு மேல் விரிந்திருப்பது வட்டக் குடை இல்லை. இரண்டு அடுக்குத் துணியால் தைத்த பல அறைகள் கொண்ட செவ்வக இறக்கை அது. முன்பக்கத் திறப்புகள் வழியே காற்று புகுந்து அதற்கு வடிவம் கொடுக்கிறது. டேண்டம் பாராசூட்டின் பரப்பு பொதுவாக 330 முதல் 400 சதுர அடி. அது இறக்கை என்பதால் முன்னோக்கிப் பறக்கும், திரும்பும், இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும். இரு கையிலும் ஒவ்வொரு கைப்பிடி. வலதை இழுத்தால் வலப்பக்கம், இடதை இழுத்தால் இடப்பக்கம். சிறிது நேரம் உங்களிடமும் ஓட்டக் கொடுப்பார்கள். வேகமாகச் சுழலும்போது சிலருக்குக் குமட்டும். குமட்டுகிறது என்று உடனே சொல்லிவிடுங்கள். பயிற்றுநர் நேராக ஓட்டிச் செல்வார். வெறும் வயிற்றோடு வருவதும் குமட்டலுக்கும் மயக்கத்துக்கும் காரணமாகலாம். ஆகவே அளவாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். முந்தைய இரவு மது வேண்டாம்.

இனி, உண்மையில் கவனம் தேவைப்படும் இடத்துக்கு வருவோம். கதவைப் பற்றிய பயத்தில் பாதியை எடுத்துத் தரையிறங்குவதற்கு வையுங்கள் என்பதுதான் நான் புதியவர்களுக்குச் சொல்ல விரும்புவது. டேண்டம் குதிப்பில் ஏற்படும் காயங்கள் பெரும்பாலும் இறங்கும்போது கணுக்காலிலும் காலிலும் ஏற்படுபவை. காரணம் எளிது. பயணி முன்னால் தொங்குகிறார்; அவருடைய கால்கள் பயிற்றுநரின் கால்களுக்கு முன்பே தரையைத் தொடும். இறக்கை இன்னும் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது பயணியின் பாதம் தரையில் ஊன்றினால், இரண்டு பேரின் எடையும் அந்தக் கணுக்காலின் மேல் கவிழும்.

அதனால்தான் கால்களைத் தூக்கச் சொல்கிறார்கள். பயிற்றுநர் சொன்ன உடனே முழங்கால்களை மேலே கொண்டுவந்து, கால்களை முன்னே நீட்டி, தரைக்கு இணையாக வைத்திருங்கள். வயிற்றுத் தசைக்கு வலு போதவில்லை என்றால் கால்சட்டையின் முழங்கால் பகுதியைக் கைகளால் பிடித்துத் தூக்கிக்கொள்ளலாம். பயிற்றுநர் இரு கைப்பிடிகளையும் ஒன்றாகக் கீழே இழுப்பார். இறக்கையின் பின்பகுதி தாழ, முன்னோக்கிய வேகம் மேலே தூக்கும் விசையாக மாறி, கடைசிச் சில அடிகளில் மென்மையாக இறங்குவீர்கள். பெரும்பாலும் இருவரும் உட்கார்ந்த நிலையில் புல்லில் சறுக்கி நிற்பீர்கள். எழுந்து நிற்க அவசரம் வேண்டாம். அவர் சொல்லும்வரை கால்கள் மேலேயே இருக்கட்டும். உயரத்தில் இருக்கும்போதே இதை ஓரிரு முறை செய்துபார்க்கச் சொல்வார்கள். சோம்பலில்லாமல் செய்யுங்கள். குதிக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கால்களை நீட்டிப் பத்து விநாடி பிடித்துப் பழகுவது இன்னும் நல்லது.

எடை வரம்பு ஏன் என்பதற்கான விடையும் இதில் இருக்கிறது. பல மையங்கள் 100 கிலோவை ஒட்டி ஒரு வரம்பு வைக்கின்றன. எடை கூடினால் இறக்கை வேகமாகப் பறக்கும், வேகமாக இறங்கும். மேலும் ஹார்னஸுக்கும் பாராசூட்டுக்கும் தயாரிப்பாளர் விதித்த மொத்த எடை அளவு உண்டு. எடையைக் குறைத்துச் சொல்வது உங்கள் கணுக்காலையும் பயிற்றுநரின் கணுக்காலையும் பணயம் வைப்பதாகும்.

வயது அவ்வளவு பெரிய தடையாக இல்லை. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ், சக்கர நாற்காலியைப் பயன்படுத்திவந்த காலத்தில், 2014-இல் தம்முடைய 90-ஆவது பிறந்தநாளன்று டேண்டம் முறையில் குதித்தார். அதே சமயம் முதுகு, கழுத்து, இதயப் பிரச்சினை, வலிப்பு, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, இடம் நழுவிய தோள்பட்டை, கர்ப்பம் ஆகியவற்றை மறைக்கக் கூடாது. மருத்துவரிடம் கேட்டுவிட்டே பதிவு செய்யுங்கள். கடும் சளி இருந்தால் தள்ளிப்போடுங்கள். இறங்கும் வேகத்தில் காதினுள் அழுத்தம் சமனாகாமல் கடுமையாக வலிக்கும். ஆழ்கடலில் ஸ்கூபா செய்தவர்கள் 24 மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

திறக்காவிட்டால்?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு எழுதும் கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. முதன்மைப் பாராசூட் சில சமயம் சரியாகத் திறக்காமல் போவதுண்டு. கயிறு முறுக்கிக்கொள்ளலாம், துணி முழுமையாக விரியாமல் இருக்கலாம். 5,000 அடிக்கு மேலேயே திறப்பது இதற்காகத்தான். சரிபார்க்கவும் முடிவெடுக்கவும் நேரம் வேண்டும். பறக்கத் தகுதியில்லை என்று பயிற்றுநர் கருதினால், ஒரு கைப்பிடியை இழுத்து அந்தப் பாராசூட்டை முழுவதுமாகக் கழற்றிவிடுவார். பிறகு அவசரப் பாராசூட்டைத் திறப்பார். இருவரின் எடையையும் தாங்கி நிற்கும் பட்டைகளை ஒரே இழுப்பில் விடுவிக்க முடிவது, பில் பூத் 1970-களில் வடிவமைத்த மூன்று வளைய அமைப்பால். பெரிய வளையம், நடுத்தர வளையம், சிறிய வளையம் என்று விசை படிப்படியாகக் குறைந்து, கடைசியில் ஒரு சிறு நூல் வளையமும் மெல்லிய கம்பியும் பிடித்து நிறுத்தும் அளவுக்கு வந்துவிடுகிறது. கம்பியை உருவினால் எல்லாம் விடுபடும்.

பயிற்றுநரே செயலிழந்துவிட்டால்? அதற்கும் ஒரு கருவி இருக்கிறது. காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும் அந்தக் கருவி, குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழேயும் வேகம் குறையவில்லை என்று கண்டால் அவசரப் பாராசூட்டைக் கட்டியிருக்கும் நூலைத் தானே வெட்டிவிடும். ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் 1991-இல் கொண்டுவந்த சைப்ரஸ் இவற்றில் புகழ்பெற்றது. இதன் டேண்டம் வகை சுமார் 1,900 அடியில் செயல்படும்.

இவையெல்லாம் ஆபத்தைக் குறைக்கின்றன, இல்லாமல் ஆக்குவதில்லை. குதிக்கும் முன் நீங்கள் கையெழுத்திடும் படிவம் அதைத்தான் சொல்கிறது. படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

அப்படியானால் மையத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் உங்கள் கைக்குள் இருக்கும் பெரும்பகுதிப் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. பயிற்றுநருக்கு டேண்டம் தகுதிச் சான்று இருக்கிறதா, யார் வழங்கியது என்று கேளுங்கள். அமெரிக்க விதிகளின்படி டேண்டம் பயிற்றுநர் குறைந்தது 3 ஆண்டு அனுபவமும் 500 குதிப்புகளும் முடித்திருக்க வேண்டும். எங்கே கேட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்க இது ஒரு நல்ல அளவுகோல். அவசரப் பாராசூட்டை மடித்தது சான்று பெற்றவரா, கடைசியாக எப்போது மடித்தார்கள், தானியங்கிக் கருவி பொருத்தியிருக்கிறதா என்றும் கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்திலிருந்து திரும்பி வந்துவிடலாம். காற்று பலமாக இருக்கிறது என்று உங்களை மூன்று மணி நேரம் காக்கவைத்து, கடைசியில் இன்று வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் மையத்தைக் கண்டால் எரிச்சல் வரும்தான். அந்த மையத்துக்கே மறுநாளும் போங்கள்.

அன்று காலையில் கயிறு கட்டிய, கழலாத காலணி அணியுங்கள். நீளமான கூந்தலை இறுகக் கட்டுங்கள். நகைகளைக் கழற்றிவிடுங்கள். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதன் மேலேயே அணியும் காற்றுக் கண்ணாடியைக் கேட்டு வாங்கலாம். கைப்பேசியும் சொந்தக் கேமராவும் தரையிலேயே இருக்கட்டும். தனியாகக் குதிப்பவர்களுக்கே கேமரா மாட்ட 200 குதிப்புகள் ஆக வேண்டும் என்று அமெரிக்கப் பாராசூட் சங்கம் பரிந்துரைக்கிறது. கடைசி நிமிடத்தில் மனம் மாறினால் விமானத்திலேயே கீழே இறங்கி வரலாம். ஆனால் கதவின் விளிம்புக்குப் போன பிறகு சொல்லாமல், அதற்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இறங்கிய பிறகு ஒரு மணி நேரமாவது வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது. கை நடுக்கமும் பரபரப்பும் அடங்க நேரம் பிடிக்கும். காது அடைத்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள். தனியாகக் குதிக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால், அடுத்த கட்டம் தனிக் குதிப்புப் பயிற்சி வகுப்பு. அதில் முதுகில் உங்கள் சொந்தப் பாராசூட் இருக்கும். தொடக்கத்தில் இரண்டு பயிற்றுநர்கள் இருபுறமும் உங்களைப் பிடித்தபடி கூடவே விழுவார்கள். அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் முதல் நிலை உரிமத்துக்கு 25 குதிப்புகள் தேவை. டேண்டமில் வளைந்து நிற்கவும் கால் தூக்கவும் கவனமாகப் பழகியவர்களுக்கு அந்த வகுப்பின் முதல் நாள் சற்றுச் சுலபமாகவே இருக்கும்.